வாயினாலே அறிக்கையிடுவது: இரட்சிப்பில் அதற்கு என்ன இடம்?

பிலிப்பி பட்டணத்துச் சிறைக்காவலன் நள்ளிரவில் நடுங்கிக்கொண்டே பவுலிடமும் சீலாவிடமும் கேட்கிறான்: "இரட்சிக்கப்படுவதற்கு நான் என்ன செய்யவேண்டும்?" பதில் ஒரே வரியில் வருகிறது. "கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவை விசுவாசி, அப்பொழுது நீயும் உன் வீட்டாரும் இரட்சிக்கப்படுவீர்கள்" (அப்போஸ்தலர் 16:31). அதே பவுல் ரோமாபுரியில் இருந்த சபைக்கு எழுதும்போது இன்னும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறார். "கர்த்தராகிய இயேசுவை நீ உன் வாயினாலே அறிக்கையிட்டு, தேவன் அவரை மரித்தோரிலிருந்து எழுப்பினாரென்று உன் இருதயத்திலே விசுவாசித்தால் இரட்சிக்கப்படுவாய்" (ரோமர் 10:9).

முதல் பதிலில் விசுவாசம் மட்டும்தான் இருக்கிறது. இரண்டாவதில் வாயும் வந்து சேர்ந்துகொள்கிறது. அப்படியானால் மனதுக்குள் நம்பினால் போதாதா? வாய் திறந்து சொல்லாதவருக்கு இரட்சிப்பு கிடையாதா? இல்லை, சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டதா? கிறிஸ்தவத்தைப் புதிதாகப் படிக்கிறவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. பல வருஷமாக ஆலயத்துக்குப் போய்வருகிறவர்களிடம் கேட்டாலும் சட்டென்று ஒரே பதில் வராது.

என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பவுல் இங்கே இரண்டு நிபந்தனை போடவில்லை. ஒரே விசுவாசத்தின் உள்பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் காட்டுகிறார். அதற்காக வெளிப்பக்கம் இருந்தால் இருக்கட்டும், இல்லாவிட்டால் போகட்டும் என்று விட்டுவிடவும் முடியாது. ஏன் முடியாது என்பதற்கு வேதத்தையும் சபையின் பழைய வரலாற்றையும் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கவேண்டும்.

அறிக்கை என்றதும் பலருக்குப் பாவ அறிக்கைதான் ஞாபகத்துக்கு வரும். செய்த தவறுகளைக் கடவுளிடமோ குருவானவரிடமோ சொல்லி மன்னிப்புக் கேட்பது அது. 1 யோவான் 1:9 அதைப் பற்றிப் பேசுகிறது. நாம் பேசப்போவது விசுவாச அறிக்கை: "நான் இயேசுவை ஆண்டவர் என்று நம்புகிறேன்" என்று பிறர் அறியச் சொல்வது.

இரட்சிப்பு என்ற சொல்லையும் ஒரு நிமிஷம் பார்த்துவிடலாம். பாவத்திலிருந்தும் மரணத்திலிருந்தும் விடுவிக்கப்பட்டு, கடவுளோடு ஒப்புரவாகி, அவருடைய ஜீவனில் பங்குபெறுவது என்று சுருக்கமாகச் சொல்லலாம். புதிய ஏற்பாடு இதை மூன்று காலத்திலும் பேசுகிறது. "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்" என்று எபேசியர் 2:8 நடந்து முடிந்ததாகச் சொல்கிறது. 1 கொரிந்தியர் 1:18 இப்போது இரட்சிக்கப்பட்டு வருகிறவர்களைப் பற்றிப் பேசுகிறது. ரோமர் 5:9 இனி வரப்போகும் நாளைப் பற்றியது. இந்த மூன்றில் எதை மனதில் வைத்துக்கொண்டு "அறிக்கை அவசியமா?" என்று கேட்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதிலின் சாயலும் கொஞ்சம் மாறும். ஆனால் மூன்று காலத்திலும் இரட்சிக்கிறவர் கடவுள்தான். எபேசியர் அதே வசனத்தில் "இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு" என்கிறது. அறிக்கையைப் பற்றி எந்தச் சபை என்ன போதித்தாலும் இந்த எல்லைக்குள் நின்றுதான் போதிக்கவேண்டும்.

ரோமர் 10-ஐ நிதானமாக வாசித்தால்

ரோமருக்கு எழுதிய நிருபத்தைப் பவுல் ஏறக்குறைய கி.பி. 57-இல் கொரிந்துவிலிருந்து எழுதினார் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. 9 முதல் 11 வரையுள்ள அதிகாரங்களில் அவரை அரித்துக்கொண்டிருக்கும் கேள்வி வேறு: தன் சொந்த ஜனமான இஸ்ரவேலில் பலர் ஏன் இயேசுவை ஏற்கவில்லை? 9-ஆம் வசனம் அந்த விவாதத்தின் நடுவில் வருகிறது. தனியாகப் பிய்த்தெடுத்துத் துண்டுப் பிரசுரத்தில் அச்சிடும்போதுதான் அது ஒரு சூத்திரம் மாதிரித் தெரிகிறது.

அதற்கு முந்தைய வரிகளில் பவுல் உபாகமம் 30-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பேசுகிறார். கடவுளுடைய கட்டளை எட்டாத தூரத்தில் இல்லை, அதைக் கொண்டுவர யாரும் வானத்துக்கு ஏறவேண்டாம், சமுத்திரத்தைக் கடக்கவேண்டாம் என்று மோசே அங்கே சொல்கிறார். "அது உனக்கு மிகவும் சமீபமாய் உன் வாயிலும் உன் இருதயத்திலும் இருக்கிறது" (உபாகமம் 30:14). பவுல் இதைக் கிறிஸ்துவுக்குப் பொருத்துகிறார். கிறிஸ்துவைக் கீழே இறக்கிக்கொண்டுவர நீ பரலோகத்துக்கு ஏறவேண்டாம். அவரை மரித்தோரிலிருந்து ஏறிவரப்பண்ண நீ பாதாளத்துக்கு இறங்கவும் வேண்டாம். இரண்டையும் கடவுளே செய்து முடித்துவிட்டார். வார்த்தை உன் பக்கத்திலேயே இருக்கிறது.

இப்போது 9-ஆம் வசனத்தைப் பாருங்கள். முதலில் வாய், பிறகு இருதயம். யோசித்தால் இது தலைகீழ் வரிசை. மனதில் நம்பிய பிறகுதானே வாயால் சொல்வோம்? மோசேயின் வாக்கியத்தில் வாய் முதலில் வருவதால்தான் பவுலும் வாயை முதலில் வைக்கிறார். அடுத்த வசனத்தில் வரிசையைத் திருப்பிப் போடுகிறார்: "நீதியுண்டாக இருதயத்திலே விசுவாசிக்கப்படும், இரட்சிப்புண்டாக வாயினாலே அறிக்கைபண்ணப்படும்." முதல் படி இது, இரண்டாம் படி அது என்று விதிமுறை எழுத உட்கார்ந்தவர் இப்படி அடுத்தடுத்த வரியில் வரிசையை மாற்றமாட்டார்.

இன்னும் கொஞ்சம் கீழே போனால் விஷயம் தெளிவாகிறது. 11-ஆம் வசனத்தில் ஏசாயாவின் வாக்கியம் வருகிறது: "அவரை விசுவாசிக்கிறவன் எவனோ அவன் வெட்கப்படுவதில்லை." இங்கே இருதயம் மட்டும்தான், வாய் இல்லை. 13-இல் தீர்க்கதரிசி யோவேல் வருகிறார்: "கர்த்தருடைய நாமத்தைத் தொழுதுகொள்ளுகிற எவனும் இரட்சிக்கப்படுவான்." பெயர் சொல்லிக் கூப்பிட்டு வேண்டிக்கொள்வதைப் பற்றியது இது. இங்கே வாய் மட்டும்தான், இருதயத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. ஐந்தே வசனங்களுக்குள் ஒருமுறை இரண்டும், ஒருமுறை இது மட்டும், ஒருமுறை அது மட்டும். முடிவு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். பவுலின் மனதில் இவை தனித்தனிக் காரியங்களாக இருந்திருந்தால் இப்படி மாற்றி மாற்றிப் போட்டிருக்கமாட்டார்.

நடுவில் 12-ஆம் வசனம் அவருடைய நோக்கத்தைச் சொல்லிவிடுகிறது: யூதனென்றும் கிரேக்கனென்றும் வித்தியாசமே இல்லை. எந்த வம்சத்தில் பிறந்தவனும் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இரட்சிப்பு இருக்கிறது என்று காட்டத்தான் வாயையும் இருதயத்தையும் பற்றிப் பேசினார். அந்த வசனத்தையே எடுத்து, "நீ சரியான வார்த்தைகளைச் சொன்னாயா, இல்லையா?" என்று ஒரு புதுத் தடுப்பாக நிறுத்துகிறவர்களைப் பார்த்தால் பவுல் என்ன சொல்வாரோ!

பிறந்த குழந்தையின் அழுகையை நினைத்துக்கொண்டால் இந்த உறவு புரியும். அழுவதால் குழந்தை உயிர் பெறுவதில்லை. உயிரோடு பிறந்ததால் அழுகிறது. ஆனாலும் பிரசவ அறையில் இருக்கிற எல்லோரும் அந்தச் சத்தத்துக்குத்தான் காத்திருக்கிறார்கள். கொஞ்சம் தாமதமானால் கலங்கிப்போகிறார்கள். அதற்காக அழாத குழந்தையை உடனே உயிரில்லாதது என்று முடிவுகட்டுவதும் இல்லை.

"இயேசுவே கர்த்தர்" என்று சொல்வதில் என்ன இருக்கிறது?

இன்று இதைச் சொல்வது பல இடங்களில் சுலபம். முதல் நூற்றாண்டில் இதைச் சொன்னவர்கள் இரண்டு பெரிய விஷயங்களைத் தொட்டார்கள்.

ஒன்று, இஸ்ரவேலின் கடவுள். பவுல் எடுத்தாண்ட யோவேலின் வசனத்தில் கர்த்தர் என்பது இஸ்ரவேலின் ஒரே கடவுளைத்தான் குறிக்கிறது. அதே வசனத்தை, அதே பெயரை, பவுல் இயேசுவுக்குப் பொருத்துகிறார். ஒரே கடவுளை மட்டுமே தொழுத ஒரு யூதர், சிலுவையில் கொல்லப்பட்ட ஒருவரைப் பார்த்து இப்படிச் சொல்வது சாதாரணப் பேச்சு இல்லை. "பரிசுத்த ஆவியினாலேயன்றி இயேசுவைக் கர்த்தரென்று ஒருவனும் சொல்லக்கூடாது" என்று அவரே 1 கொரிந்தியர் 12:3-இல் எழுதியதன் பின்னணி இது. உதட்டை அசைத்து அந்தச் சொற்களை உச்சரிக்க யாராலும் முடியும். முழு மனதோடு சொல்வதைத்தான் அவர் பேசுகிறார். அப்படிப் பார்த்தால் அறிக்கையே கடவுள் கொடுக்கிற ஒன்றாகிவிடுகிறது; மனிதன் தன் பங்காகக் கொண்டுவந்து கொடுக்கிற கட்டணமாக அதை நினைக்க இடமில்லாமல் போகிறது.

இன்னொன்று, ரோமப் பேரரசன். ஏறக்குறைய கி.பி. 112-இல் பித்தினியா மாகாணத்தை ஆண்ட இளைய பிளினி, பேரரசன் டிராஜனுக்கு எழுதிய கடிதம் இன்றும் நம்மிடம் இருக்கிறது. கிறிஸ்தவர்கள் என்று குற்றம் சாட்டப்பட்டவர்களை எப்படி விசாரித்தார் என்று அதில் விவரிக்கிறார். "நீ கிறிஸ்தவனா?" என்று கேட்பார். ஆம் என்றால் தண்டனையைச் சொல்லி மிரட்டி இரண்டாவது முறை, மூன்றாவது முறை கேட்பார். அப்போதும் ஆம் என்றால் கொல்லக் கொண்டுபோகச் சொல்வார். ரோமக் குடிமக்களாக இருந்தால் ரோமுக்கு அனுப்ப உத்தரவிடுவார். இல்லை என்கிறவர்கள் தெய்வங்களை வேண்டி, பேரரசனின் உருவத்துக்கு முன் தூபமும் திராட்சரசமும் படைத்து, கிறிஸ்துவைச் சபிக்கவேண்டும். உண்மையான கிறிஸ்தவர்களை இதில் எதையும் செய்யவைக்க முடியாது என்று கேள்விப்பட்டதாகவும் அவர் எழுதுகிறார். அந்த விசாரணை மண்டபத்தில் "ஆம்" என்ற ஒரு சொல்தான் விசுவாச அறிக்கை. ஒரே கேள்விக்கு மூன்று முறை அதே பதிலைச் சொன்னவனிடம் போய், மனதில் நம்பினால் போதாதா என்று கேட்டால் அவனுக்குக் கேள்வியே புரிந்திருக்காது.

ஏறக்குறைய கி.பி. 155-இல் சிமிர்னா பட்டணத்து ஆயர் பொலிகார்ப்பைப் பிடித்தபோது, காவல் அதிகாரி அவரைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு நயமாகத்தான் பேசினாராம்: "சீசரே ஆண்டவர் என்று சொல்லித் தூபம் காட்டித் தப்பித்துக்கொள்வதில் என்ன கெட்டுவிடும்?" பொலிகார்ப் பிறகு ஆளுநரிடம் சொன்ன பதில் சபை மறக்காத ஒன்று: 86 வருஷம் அவருக்கு ஊழியம் செய்திருக்கிறேன், அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை, என்னை இரட்சித்த என் ராஜாவை எப்படி நிந்திப்பேன்? இரட்சிப்பைப் பெறுவதற்காக அவர் அறிக்கையிடவில்லை என்பதைக் கவனியுங்கள். ஏற்கனவே தன்னை இரட்சித்தவரைத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

தண்ணீரில் நின்று சொன்ன பதில்

துன்புறுத்தல் எல்லா நாளும் எல்லா ஊரிலும் நடக்கவில்லை. சாதாரண நாட்களில் ஒரு விசுவாசி வாய் திறந்து அறிக்கையிட்ட இடம் திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம். பழைய முறைகளில் ஞானஸ்நானம் கேள்வி பதிலாகவே நடந்தது. பிதாவை விசுவாசிக்கிறாயா? விசுவாசிக்கிறேன். ஒரு முழுக்கு. குமாரனை விசுவாசிக்கிறாயா? விசுவாசிக்கிறேன். இன்னொரு முழுக்கு. பரிசுத்த ஆவியை விசுவாசிக்கிறாயா? மூன்றாவது முழுக்கு. ஆராதனையில் இன்று சபையார் எழுந்து நின்று சொல்கிற அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்துக்கு வேர் இந்த மாதிரியான ஞானஸ்நானக் கேள்விகளில்தான் இருக்கிறது. அது "விசுவாசிக்கிறேன்" என்று ஒருமையில் தொடங்குவதற்கும் அதுதான் காரணம். கி.பி. 325-இல் நைசியாவில் கூடிய சங்கம் வகுத்த பிரமாணம் "விசுவாசிக்கிறோம்" என்று பன்மையில் தொடங்கியது. அது ஆயர்கள் கூடி எடுத்த முடிவு. ஞானஸ்நானம் பெறுகிறவருக்காக வேறு யாரும் கூடிப் பேசமுடியாது.

இந்தச் சூழலில் நடந்த ஒரு சம்பவத்தைப் புனித அகுஸ்தீன் தன் வாழ்க்கையைச் சொல்லும் நூலில் எழுதிவைத்திருக்கிறார். நாலாம் நூற்றாண்டின் நடுவில் ரோமில் மாரியஸ் விக்டோரினஸ் என்ற புகழ்பெற்ற பேச்சுக்கலை ஆசிரியர் இருந்தார். ரோமின் பொதுச் சதுக்கத்தில் அவருக்குச் சிலையே வைத்திருந்தார்கள். வயதான காலத்தில் வேதத்தைத் தீவிரமாகப் படித்துவிட்டு, தன் நண்பர் சிம்ப்ளிசியானுஸிடம் ரகசியமாகச் சொன்னார்: "நான் இப்போதே கிறிஸ்தவன்தான், தெரியுமா?" நண்பர் ஒப்புக்கொள்ளவில்லை. "உங்களைச் சபையில் பார்க்காதவரை நம்பமாட்டேன்." விக்டோரினஸ் சிரித்துக்கொண்டே கேட்டார்: "அப்படியென்றால் சுவர்கள்தான் ஒருவனைக் கிறிஸ்தவனாக்குகின்றனவா?" பல தடவை இதே பேச்சு, இதே பதில்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் அகுஸ்தீன் உண்மைக் காரணத்தையும் சொல்லிவிடுகிறார்: செல்வாக்குள்ள நண்பர்கள் பகைத்துக்கொள்வார்களே என்று அவருக்குப் பயம். ஒரு நாள் திடீரென்று நண்பரிடம், "வாருங்கள், சபைக்குப் போகலாம், கிறிஸ்தவனாக ஆசைப்படுகிறேன்" என்றார். மனுஷர் முன்பாகத் தன்னை மறுதலிக்கிறவனைத் தானும் மறுதலிப்பேன் என்ற கிறிஸ்துவின் சொல் அவரை உறுத்தத் தொடங்கியிருந்தது. ரோமில் ஞானஸ்நானம் பெறுகிறவர்கள் உயர்ந்த இடத்தில் ஏறி நின்று, மனப்பாடம் செய்த பிரமாணத்தைச் சபை முன் சொல்லவேண்டும். கூச்சப்படுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல அனுமதி கொடுக்கிற வழக்கமும் இருந்தது. குருமார் அவருக்கும் அதைக் கொடுக்க முன்வந்தார்கள். அவர் வேண்டாம் என்றுவிட்டார். பேச்சுக்கலையைப் பகிரங்கமாகத்தானே கற்றுக்கொடுத்தேன், அதில் இரட்சிப்பு ஒன்றும் இல்லையே. இரட்சிப்பை மட்டும் ஏன் ஒளித்துச் சொல்லவேண்டும் என்பது அவர் எண்ணம். மேடை ஏறியதும் கூட்டம் முழுக்க அவர் பெயரைச் சொல்லி முணுமுணுத்தது, பிறகு அவர் குரலைக் கேட்பதற்காக அமைதியானது.

எனக்கு இந்தக் கதையில் பிடித்த விஷயம், தனியாகச் சொல்லலாம் என்ற அனுமதி. அறிக்கை அவசியம் என்று நம்பிய அதே சபை, ஒருவருடைய கூச்சத்துக்கும் இடம் கொடுத்திருக்கிறது.

சொன்னவர்கள், சொல்லாதவர்கள், மறுத்தவர்கள்

வாயால் சொல்லிவிட்டால் போதும் என்ற எண்ணத்தை இயேசுவே உடைத்துவிடுகிறார். தன்னை நோக்கிக் "கர்த்தாவே! கர்த்தாவே!" என்று சொல்கிறவன் பரலோகராஜ்யத்தில் பிரவேசிப்பதில்லை, பிதாவின் சித்தத்தின்படி செய்கிறவனே பிரவேசிப்பான் என்கிறார் (மத்தேயு 7:21). சரியான கருத்தை மனதில் வைத்திருப்பதும் போதாது என்கிறார் யாக்கோபு: பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன (யாக்கோபு 2:19). சரியான வார்த்தையைச் சொல்லிவிட்டுத் தப்பாகப் புரிந்துவைத்திருப்பதும் நடக்கும். "நீர் ஜீவனுள்ள தேவனுடைய குமாரனாகிய கிறிஸ்து" என்று அருமையாக அறிக்கையிட்ட பேதுரு, அதே அதிகாரத்தில், சிலுவையைப் பற்றிய பேச்சு வந்ததும் இயேசுவையே கடிந்துகொண்டு, "எனக்குப் பின்னாகப்போ, சாத்தானே" என்று வாங்கிக்கட்டிக்கொள்கிறார்.

மறுபக்கத்தில், நம்பியும் சொல்லாதவர்கள். அதிகாரிகளில் அநேகர் இயேசுவிடத்தில் விசுவாசம் வைத்தார்கள், ஆனால் ஜெப ஆலயத்துக்குப் புறம்பாக்கப்படுவோம் என்று பரிசேயருக்குப் பயந்து அறிக்கைபண்ணாமல் இருந்தார்கள் என்கிறது யோவான் 12:42. அடுத்த வசனம் கொஞ்சம் கடுமை: தேவனால் வருகிற மகிமையைவிட மனுஷரால் வருகிற மகிமையை விரும்பினார்கள். ஆனால் அதே யோவான், அரிமத்தியா ஊரானாகிய யோசேப்பை "அந்தரங்க சீஷன்" என்று சொல்கிறார். எல்லாச் சீஷரும் சிதறிப்போன நேரத்தில், துணிந்து பிலாத்துவிடம் போய் இயேசுவின் சரீரத்தைக் கேட்டது அந்த ஆள்தான். முன்பு ராத்திரியில் இயேசுவிடம் வந்துபோன நிக்கொதேமு கூடவே வந்து சேர்ந்துகொள்கிறார். தாமதமாக வந்த அறிக்கையும் அறிக்கையே.

சொன்னதையே பிறகு மறுத்தவர்களை என்ன செய்வது? பேதுரு மூன்று முறை மறுதலித்தார். மறுதலிக்கிறவனைத் தானும் மறுதலிப்பேன் என்ற மத்தேயு 10:33-ஐ எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் யோவான் 21-இல் உயிர்த்தெழுந்த இயேசு அவரிடம் மூன்று முறை "என்னை நேசிக்கிறாயா?" என்று கேட்டு, ஆடுகளை அவர் கையிலேயே ஒப்படைக்கிறார்.

இந்தக் கேள்வி ஒரு காலத்தில் சபையையே உலுக்கியது. கி.பி. 250 வாக்கில் பேரரசன் தேசியஸ், பேரரசின் மக்கள் எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு அதற்குச் சான்றிதழ் வாங்கவேண்டும் என்று கட்டளையிட்டான். எகிப்தின் மணலிலிருந்து அந்தச் சான்றிதழ்கள் பல கிடைத்திருக்கின்றன. எல்லாம் ஏறக்குறைய ஒரே வாசகம்: நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்திருக்கிறேன், இப்போதும் உங்கள் முன்னிலையில் பானபலி வார்த்து, பலியிட்டு, படைத்ததை ருசித்தேன், கையொப்பம் இட்டுத் தாருங்கள். விசுவாச அறிக்கையை அப்படியே தலைகீழாக எழுதிய காகிதம் அது. கிறிஸ்தவர்களில் சிலர் பலியிட்டார்கள். சிலர் பலியிடாமலேயே லஞ்சம் கொடுத்துச் சான்றிதழ் மட்டும் வாங்கிவைத்துக்கொண்டார்கள். சிறைக்குப் போய் உயிரோடு திரும்பியவர்களுக்கு "அறிக்கையாளர்" என்று பெரிய மரியாதை கிடைத்தது.

ஆபத்து கடந்ததும், விழுந்தவர்கள் திரும்ப வந்து கதவைத் தட்டினார்கள். ரோமில் நோவாத்தியான் என்ற குரு, திரும்பச் சேர்க்கவே கூடாது என்று தனிச் சபை கண்டார். கார்த்தேஜின் ஆயர் சிப்ரியான் வேறு வழி எடுத்தார். கி.பி. 251-இல் அங்கே கூடிய ஆயர்கள், ஒவ்வொருவர் செய்ததையும் தனித்தனியாகப் பார்த்து, மனம் வருந்தித் தவம் செய்த பிறகு சேர்க்கலாம் என்று முடிவெடுத்தார்கள். காகிதம் மட்டும் வாங்கியவர்களுக்குக் குறைந்த காலத் தவம், பலியிட்டவர்களுக்கு அதிகம். சிப்ரியானே துன்புறுத்தலின்போது ஒளிந்திருந்தவர், அதற்காகப் பேச்சும் கேட்டவர், பின்னால் கி.பி. 258-இல் இரத்தசாட்சியாக மரித்தார். மறுதலிப்பு பெரிய பாவம், ஆனால் மன்னிக்க முடியாத பாவம் இல்லை என்பதில் பெரும்பான்மைச் சபை அன்றிலிருந்து உறுதியாக நிற்கிறது.

சபைகள் எங்கே வேறுபடுகின்றன?

விசுவாச அறிக்கை தேவையில்லை என்று சொல்கிற பெரிய சபைப் பிரிவு எதுவும் இல்லை. எங்கே, எப்படி என்பதில்தான் வித்தியாசம். கத்தோலிக்கரும் கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபையினரும் அறிக்கையைத் திருமுழுக்கோடு சேர்த்தே பார்க்கிறார்கள். குழந்தைக்குத் திருமுழுக்கு கொடுக்கும்போது பெற்றோரும் ஞானப்பெற்றோரும் அறிக்கையிடுகிறார்கள். லுத்தரன், ஆங்கிலிக்கன் சபைகளிலும் குழந்தை ஞானஸ்நானம் உண்டு. வளர்ந்த பிறகு திடப்படுத்தல் ஆராதனையில் பிள்ளை தன் வாயாலேயே ஏற்றுக்கொள்கிறது. பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே சபைகளில் சொந்தமாக அறிக்கையிட்ட பிறகுதான் ஞானஸ்நானமே. விசுவாசத்தினால் மட்டுமே நீதிமானாக்கப்படுதல் என்று வற்புறுத்திய சீர்திருத்தக்காரர்கள் அறிக்கையை விசுவாசத்தின் கனியாகப் பார்த்தார்கள். கனிதானே என்று அவர்களில் ஒருவரான கால்வின் லேசாக விட்டுவிடவில்லை. நம்பிக்கையை மறைத்துக்கொண்டு பழைய வழிபாட்டிலேயே தொடர்ந்தவர்களை நிக்கொதேமுகள் என்று கேலி செய்து 1544-இல் தனிப் புத்தகமே எழுதினார்.

கூட்டத்தின் முடிவில் பிரசங்கியார் முன்னே வரச்சொல்லி அழைப்பது, அவர் சொல்லச்சொல்லத் திரும்பச் சொல்லும் ஜெபம், இவையெல்லாம் ஒப்பீட்டளவில் புதியவை. 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் சார்லஸ் ஃபின்னி போன்றவர்களின் எழுப்புதல் கூட்டங்களில் முன்வரிசை இருக்கைக்கு அழைக்கும் வழக்கம் பரவியது. அதில் உண்மையாகவே மனம் திரும்பியவர்கள் ஏராளம். ஆனால் நாலு வரி ஜெபத்தைத் திருப்பிச் சொன்ன உடனே "நீ இரட்சிக்கப்பட்டாய்" என்று அறிவித்துவிடுவது எனக்கு நெருடலாக இருக்கிறது. ரோமர் 10:9-ஐ அதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். பவுலின் நாளில் அந்த வாக்கியத்தைச் சொன்னவர், தன்னைத் தெரிந்தவர்கள் நடுவில், விளைவு தெரிந்து சொன்னார். முகம் தெரியாத கூட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு சொல்வதை அதோடு சமமாக வைக்கும்போது, கொஞ்சம் தயங்கத்தான் வேண்டும்.

பேச முடியாதவர்கள், பேசப் பயப்படுகிறவர்கள்

வாய் பேச இயலாதவர்? சாகும் தறுவாயில் நினைவு தப்பியவர்? இந்தக் கேள்விக்கு எல்லாப் பாரம்பரியமும் ஏறக்குறைய ஒரே பதில்தான் சொல்கிறது. வாய் என்று பவுல் சொன்னது பிறர் அறிய வெளிப்படுத்துவதை. சைகையிலோ எழுத்திலோ வெளிப்படுத்தினாலும் அது அறிக்கைதான். வெளிப்படுத்தவே வழியில்லாதவரிடம் கடவுள் இல்லாததைக் கேட்பதில்லை. கத்தோலிக்கத் திருமறைக் கல்வி, கடவுள் இரட்சிப்பைத் திருமுழுக்கோடு பிணைத்திருந்தாலும் திருமுழுக்கு போன்ற தம் அருட்சாதனங்களுக்கு அவர் கட்டுப்பட்டவரல்ல என்று வெளிப்படையாகவே சொல்கிறது. சிலுவையில் தொங்கிய குற்றவாளிக்கு ஞானஸ்நானமும் இல்லை, பிரமாணமும் தெரியாது. "ஆண்டவரே, நீர் உம்முடைய ராஜ்யத்தில் வரும்போது அடியேனை நினைத்தருளும்" என்று ஒரு வேண்டுதல் மட்டும்தான். ஆனால் பக்கத்தில் செத்துக்கொண்டிருந்தவரை ராஜா என்று நம்பி, கேலி செய்யும் கூட்டத்தின் காதுபடச் சொன்ன அறிக்கை அது.

பயத்தினால் சொல்லாமல் இருக்கிறவர்கள் விஷயம்தான் சிக்கல். ஜப்பானில் 1614-இல் கிறிஸ்தவம் நாடு முழுக்கத் தடை செய்யப்பட்டது. கிறிஸ்துவின் அல்லது மரியாளின் உருவத்தை மிதித்துக் காட்டி, கிறிஸ்தவர் இல்லை என்று நிரூபிக்கவேண்டும். பலர் மறுத்துச் செத்தார்கள். பலர் மிதித்துவிட்டு வீட்டுக்குள் ரகசியமாக ஜெபத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். 1865-இல் நாகசாகியில் புதிதாகக் கட்டிய ஆலயத்துக்கு வந்த ஒரு சிறு கூட்டம், அங்கிருந்த பிரெஞ்சுக் குருவிடம் மெல்லச் சொன்னது: எங்கள் இருதயமும் உங்கள் இருதயமும் ஒன்றுதான். தடை அப்போதும் நீங்கவில்லை. இரண்டரை நூற்றாண்டு மறைந்திருந்தவர்களை விசுவாசம் இல்லாதவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. மிதிக்க மறுத்துச் செத்தவர்கள் வீணாகச் செத்தார்கள் என்றும் சொல்லமாட்டேன்.

இதற்கு 13-ஆம் நூற்றாண்டிலேயே ஒரு நிதானமான பதில் சொன்னவர் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ். விசுவாச அறிக்கை இரட்சிப்புக்கு அவசியம்தான், ஆனால் எல்லா இடத்திலும் எல்லா நேரத்திலும் இல்லை என்கிறார். நாம் வாய் மூடியிருந்தால் கடவுளுக்குரிய மகிமை குறையும், அல்லது அயலாருக்கு வரவேண்டிய நன்மை தடைப்படும் என்ற நிலையில் சொல்லியே ஆகவேண்டும். உதாரணமாக, ஒருவர் நேராகக் கேட்கிறார். நாம் பேசாமல் இருந்தால் நம்மிடம் விசுவாசமே இல்லை என்றோ, அந்த விசுவாசம் பொய் என்றோ எடுத்துக்கொள்வார் என்றால், அது பேசவேண்டிய நேரம். அதே இடத்தில் இன்னொன்றும் சொல்கிறார்: விசுவாசத்துக்கோ விசுவாசிகளுக்கோ எந்தப் பயனும் இல்லாமல், மற்றவர்களைக் கலவரப்படுத்த மட்டுமே உதவுகிற அறிக்கையில் மெச்ச ஒன்றுமில்லை. கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள் என்ற 1 பேதுரு 3:15-உம், அதைச் "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" செய்யச் சொல்லித்தான் எழுதியிருக்கிறது.